புற்று, நண்டு, கரண்ட்: ஒரு நோயின் சொற்கள்

"புத்துன்னு சொல்லிட்டாங்க. கத்தி பட்டா கிளம்பிடுமாமே?"

புற்றுநோய் உறுதியான வீட்டில் முதல் இரண்டு நாட்களுக்குள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். விவரம் தெரியாத கேள்வி என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. புற்றுக்குள் கை விடாதே, புற்றைக் கலைக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நோய்க்கும் அதே பெயரை வைத்துவிட்டு, அதைக் கத்தியால் அறுக்கப்போகிறோம் என்றால் மனசு திடுக்கிடத்தானே செய்யும்?

புற்று என்றால் கறையான் எழுப்பும் மண்மேடு. பேச்சில் புத்து. மலையாளத்தில் புற்று, தெலுங்கில் புட்ட, கன்னடத்தில் ஹுத்த என்று அக்கம்பக்கத்து மொழிகளிலும் இதே சொல் உண்டு. எறும்பின் வளைக்கும் எறும்புப் புற்று என்றே பெயர். கறையான் கட்டியதில் பாம்பு வந்து தங்குவதால் பாம்புப் புற்று. 'கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல' என்ற பழமொழியும், கும்பலாகக் கிளம்பும் எதையும் 'புற்றீசல் போல' என்று சொல்வதும் இதிலிருந்து வந்தவைதாம்.

ஒரு புற்றைக் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே வெறும் காய்ந்த மண், அசைவே இருக்காது. ஓரமாகக் கொஞ்சம் பெயர்த்தால் உள்ளே அறை அறையாக, இண்டு இடுக்காக ஓடும். சற்று நேரத்தில் வெளிறிய பூச்சிகள் ஈரமண்ணைக் கவ்விக்கொண்டு வந்து உடைந்த இடத்தை அடைக்கத் தொடங்கிவிடும். மேலே தெரிவது கொஞ்சம்தான், தரைக்கடியில் இருப்பது அதிகம். மேட்டை மட்டும் இடித்துத் தள்ளினால் போதாது. ராணி உள்ளே இருக்கும்வரை மறுபடி எழும்.

தோலில் மேடாகக் கிளம்பி, மேலே வெடித்து, ஆறாமல் உள்ளே குடைந்துகொண்டே போகும் புண்ணைப் பார்த்தவர்கள் அதையும் புற்று என்றார்கள். நுண்நோக்கி இல்லாத காலத்துப் பெயர் என்பதை மறந்துவிடக் கூடாது. 1665-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் தக்கையை நுண்நோக்கியில் பார்த்து, அதில் தெரிந்த சின்னச் சின்ன அறைகளுக்கு 'செல்' என்று பெயரிட்டார். லத்தீனில் சிற்றறை என்று பொருள். நாம் உயிரணு என்கிறோம். கண்ணறை என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அறைமேல் அறையாகக் கட்டுமீறிப் பெருகுவதுதான் இந்த நோய் என்பது பிற்பாடு தெரிந்தது. புற்று என்று பெயர் வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் பெயர் பொருந்திவிட்டது.

கிரேக்கர்களுக்கு வேறொன்று கண்ணில் பட்டது. பழங்கால மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்து மருத்துவ நூல்களில் இந்தக் கட்டிகளுக்கு 'கார்கினோஸ்', 'கார்கினோமா' என்று பெயர். கார்கினோஸ் என்றால் நண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் மருத்துவ நூல் எழுதும்போது அந்த நண்டை லத்தீன் நண்டாக்கினார்: கேன்சர். ஏன் நண்டு என்பதற்கு அடுத்த நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் சொன்ன காரணம் பிரபலம். மார்பில் வரும் கட்டியைச் சுற்றி இரத்தக் குழாய்கள் புடைத்து நாலாபக்கமும் ஓடுவது நண்டின் கால்களைப் போல இருக்கிறது என்றார். வெளியே தெரியும் அளவுக்கு முற்றிய கட்டியைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இன்று சிறு புள்ளியாக இருக்கும்போதே ஸ்கேனில் பிடிபடும் கட்டியில் நண்டும் இல்லை, காலும் இல்லை.

சோதிடத்தில் கடக ராசி, பூகோளத்தில் கடக ரேகை என்கிறோமே, அந்தக் கடகமும் நண்டுதான். ஆங்கிலத்தில் அந்த ராசிக்கும் கேன்சர் என்றே பெயர். இந்தியில் நோயைக் கர்க் ரோக் என்பார்கள், அதாவது நண்டு நோய். மலையாளத்தில் சமஸ்கிருத வழியில் அர்புதம். தெலுங்கில் ராசபுண்டு என்றொரு பெயர் உண்டு, புண்களில் ராஜா. தமிழில் இதற்கு ஒப்பான ராஜபிளவை முதுகில் வரும் பெரிய சீழ்க்கட்டியைக் குறிக்கும். அது புற்றுநோய் அல்ல. பழைய நூல்களைப் படிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆக, கேன்சருக்குச் சரியான தமிழ் எது என்று கேட்டால், புற்றுநோய்தான். சேர்த்து எழுதுங்கள், மார்பகப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் என்று. நண்டைவிடப் புற்று இந்த நோயின் நடத்தையை நன்றாகச் சொல்கிறது என்பது என் கட்சி. அறுவை நன்றாக முடிந்த பிறகும் ஏன் மருந்து ஏற்றுகிறார்கள் என்று கேட்பவருக்குப் புற்றை வைத்தே விளக்கிவிடலாம். மேடு போய்விட்டது, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது மிச்சமிருந்தால் அதற்காக. சரி, இதையெல்லாம் மீறி வாயில் கேன்சர் என்றே வந்தால்? வரட்டும், தப்பில்லை. 'அந்த நோய்' என்று பெயரைச் சொல்லாமல் கிசுகிசுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கத்திக்கு வருவோம். கத்தி பட்டதால் புற்று பரவுவதில்லை. இந்தப் பயம் எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். முற்றிய பிறகே மருத்துவரிடம் போனார்கள், அறுத்தார்கள், சில மாதங்களில் ஆள் போய்விட்டார். நோய் அதற்கு முன்பே பரவியிருந்தது. பழி கத்தியின்மேல் விழுந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்தால் பரவும் என்ற பயமும் இதன் தம்பிதான். அப்படி நடப்பது மிக மிக அரிது. விதைச்சுரப்பியில் புற்று என்று சந்தேகப்பட்டால் ஊசி குத்தாமல் முழுதாக எடுத்துவிடுவார்கள். எலும்புப் புற்றில் ஊசி போகும் தடத்தையும் பிறகு சேர்த்து வெட்டியெடுக்கும்படி முன்கூட்டியே திட்டமிடுவார்கள். எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சோதனைக்குப் பயாப்ஸி என்று பெயர். பயோஸ் உயிர், ஆப்சிஸ் காண்டல். 1879-இல் பிரெஞ்சு மருத்துவர் எர்னெஸ்ட் பெனியே உருவாக்கிய சொல். தமிழில் திசுப் பரிசோதனை. "சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க" என்று வீட்டில் சொல்கிறார்களே, அதுவும் குறையில்லாத மொழிபெயர்ப்புதான்.

ட்யூமர் என்றால் லத்தீனில் வீக்கம். தமிழில் கட்டி. எல்லாக் கட்டியும் புற்றல்ல. பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவாமல், வேறெங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தால் தீங்கற்ற கட்டி. பேச்சில் சாதாக் கட்டி. எல்லாப் புற்றும் கட்டியும் அல்ல. லுகீமியாவில் கட்டி என்று தொட்டுப் பார்க்கப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1847-இல் வைத்த அந்தப் பெயருக்கு வெள்ளை இரத்தம் என்று பொருள். நாம் இரத்தப் புற்றுநோய் என்கிறோம். "கட்டியே இல்லையே, எப்படிப் புற்றுன்னு சொல்றாங்க?" என்று கேட்பவரிடம், பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் கட்டுமீறிப் பெருகுகின்றன என்று சொல்ல வேண்டியதுதான்.

மொழிபெயர்ப்பு உண்மையிலேயே தடுமாறும் இடம் மெட்டாஸ்டாஸிஸ். இருந்த இடம் மாறுதல் என்பது கிரேக்கப் பொருள். புற்றுநோய்க்கு இதை 1829-இல் பயன்படுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் ரெக்காமியே. தமிழில் 'பரவல்' என்கிறோம். இங்கேதான் சிக்கல். 'பரவும் நோய்' என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது. 'நோய் பரவியிருக்கிறது' என்று மருத்துவர் சொல்வது ஒரே உடலுக்குள். வினைச்சொல் ஒன்றுதான். காதில் விழுந்ததும் தனித் தட்டு, தனித் தம்ளர் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் தொற்றாது. தொட்டாலும், கட்டிப்பிடித்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. சில புற்றுகளுக்குக் காரணமான எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமானது), ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்குவது) போன்ற வைரஸ்கள்தாம் தொற்றும். அந்த இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு.

'பரவல்' பொதுவாக இருக்கிறது என்று நினைத்துச் சிலர் 'இரண்டாம் நிலைப் புற்று' என்று எழுதுகிறார்கள். செகண்டரி என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. இதைப்போல ஆபத்தான தமிழாக்கம் வேறில்லை. படிக்கிறவர் 'ஸ்டேஜ் இரண்டுதானாம்' என்று நிம்மதி அடைவார். தொலைவில் உள்ள உறுப்புக்குப் போய்விட்டால் பெரும்பாலான புற்றுகளில் அது நான்காம் நிலை! எனக்குப் பிடித்தது 'இடம்பெயர்ந்த புற்று'. கிரேக்கச் சொல்லுக்கும் அதுதான் நெருக்கம். இன்னொரு கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. நுரையீரலில் தொடங்கி எலும்புக்குப் போனால் அதை ஏன் எலும்புப் புற்று என்று சொல்வதில்லை? குடிபெயர்ந்தவருக்குச் சொந்த ஊர் மாறிவிடுமா என்ன? அது நுரையீரல் அணுதான், மருந்தும் நுரையீரல் புற்றுக்கான மருந்துதான்.

ஸ்டேஜ், கிரேடு இரண்டையும் 'நிலை' என்று எழுதும் அசட்டையும் உண்டு. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கணக்கு. கிரேடு என்பது அணுக்கள் நுண்நோக்கியில் எவ்வளவு உருமாறித் தெரிகின்றன என்ற கணக்கு. கிரேடு மூன்றும் ஸ்டேஜ் ஒன்றும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். முன்னதை நிலை என்றும் பின்னதைத் தரம் என்றும் பிரிப்பது வழக்கம். 'தரம்' கொஞ்சம் உறுத்துகிறது, உயர்தரப் புற்று என்றால் ஏதோ பாராட்டு மாதிரி! வேகத்தையே சொல்லி 'வீரியம் கூடியது, குறைந்தது' என்றால் எல்லாருக்கும் புரியும்.

கீமோதெரபி என்ற சொல் புற்றுநோய்க்காகப் பிறந்ததே அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் கிருமிகளைக் கொல்லும் வேதிப்பொருட்களுக்காக உருவாக்கியது. அவருடைய சால்வர்சான் என்ற மருந்து 1910-இல் சிபிலிஸ் நோய்க்கு வந்தது. புற்றுக்கு இந்த வழி திரும்பியது 1942-இல். யேல் பல்கலைக்கழகத்தில் குட்மனும் கில்மனும், போர்க்களத்துக் கடுகு வாயுவுக்கு உறவான நைட்ரஜன் மஸ்டர்டை நிணநீர்ப் புற்று நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது. பிறகு திரும்பியது. ஆனால் கதவு திறந்துவிட்டது. தமிழில் வேதிச்சிகிச்சை என்கிறோம். ஒன்றை வேறொன்றாக மாற்றுவது வேதித்தல். சிகிச்சையைப் பண்டுவம் என்று தூய்மைப்படுத்துகிறவர்களும் உண்டு. அழகான பழைய சொல்தான், ஆனால் நோயாளிக்கு அகராதி கொடுத்துவிட்டுப் பேச முடியாது. மருத்துவமனை வரிசையில் எல்லாரும் சொல்வது 'கீமோ'. முடி ஏன் கொட்டுகிறது என்பதற்கும் விடை எளிது. இந்த மருந்துகளில் பல, வேகமாகப் பிரியும் அணுக்களைத் தாக்குகின்றன. மயிர்க்கால் அணுக்களும் வேகமாகப் பிரிபவை, மருந்துக்கு ஆள் தெரியாது. எல்லா மருந்திலும் கொட்டாது, கொட்டினாலும் பெரும்பாலும் திரும்ப வளரும்.

ரேடியோதெரபிக்கு மக்கள் வைத்த பெயர் அலாதி: கரண்ட் வைப்பது. "அம்மாவுக்கு இருபத்தஞ்சு கரண்ட் சொல்லியிருக்காங்க." கேட்கும் ஆள் ஷாக் கொடுப்பார்களோ என்று நடுங்கிப்போவார். உள்ளே மேசையில் படுக்க வைப்பார்கள், இயந்திரம் சுற்றிவரும், வலிக்காது, சில நிமிடங்களில் எழுந்து வந்துவிடலாம். இத்தனைக்கும் 'கரண்ட்' முழுத் தப்பும் அல்ல. இன்று பெரும்பாலும் பயன்படும் இயந்திரம் மின்சாரத்தால் எலக்ட்ரான்களை முடுக்கி உலோகத்தில் மோதவிட்டுத்தான் கதிரை உண்டாக்குகிறது. சுவிட்சை அணைத்தால் கதிரும் இல்லை. ஆகவே வெளியிலிருந்து கதிர் வாங்கியவர் வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கலாம், அவர் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர்கள் போன்றவர்கள்தாம் சில நாட்கள் விலகி இருக்க வேண்டும். இதனால்தான் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று எழுதுவது நல்லது. கதிரியக்கம் என்பது அயோடின் போலத் தானாகக் கதிரை உமிழும் பொருளின் குணம். இரண்டையும் மாற்றி எழுதினால் பேரப்பிள்ளை அருகில் வரமாட்டான்.

அப்புறம், ரெமிஷன். 'குணமாகிவிட்டது' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். நோயின் அறிகுறிகள் குறைந்திருக்கின்றன, அல்லது தேடியும் கிடைக்கவில்லை என்பதுதான் பொருள். தணிவு என்ற சொல் இதற்குச் சரி. காய்ச்சல் தணிந்தது என்றால் இனி வரவே வராது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை அல்லவா? குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனைக்கு ஏன் வரச் சொல்கிறார்கள் என்பது இந்தச் சொல்லிலேயே புரிந்துவிடும்.

தெரிந்த ஒருவர் ஒருநாள் மாலை அறுவைக்குப் பிந்தைய அறிக்கையோடு வந்தார். முகம் செத்திருந்தது. மடித்து மடித்து நைந்துபோன தாளில் ஒரு வரியை விரலால் காட்டினார். 'மார்ஜின் நெகட்டிவ்' என்று இருந்தது. "நெகட்டிவ்னு போட்டிருக்காங்க, முடிஞ்சுதா?" என்றார். வெட்டியெடுத்த துண்டின் ஓரத்தில் புற்று அணு இல்லை, முழுசா எடுத்துட்டாங்க என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அதை எதிர்மறை என்று தமிழில் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பேனாவை வாங்கி அந்த வரிக்குப் பக்கத்தில் 'ஓரத்தில் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.