ஆண்மைக்குறைவு: எது குறைந்தது?

சீனி வருத்தக் கிளினிக்கில் ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். கண், சிறுநீரகம், கால் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் 'ஆண்மைக்குறைவு'. பக்கத்தில் இருந்த பெரியவர் அந்த இடம் வந்ததும் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு டொக்டரிடம் யார் வாய் திறப்பார்?

இலத்தீனில் வலுவின்மையைக் குறித்த சொல்லில் இருந்து வந்தது 'இம்பொட்டன்ஸ்'. அதைத்தான் ஆண்மைக்குறைவு ஆக்கினோம். 'இம்பொட்டன்ஸ்' தெளிவில்லாத, இழிவு தொனிக்கும் சொல் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1992இல் கூட்டிய மாநாடு, 'இரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்', அதாவது விறைப்பதில் வரும் பழுது, என்று மாற்றச் சொன்னது. அவர்கள் கழற்றிப் போட்டதை நாம் இன்னும் உடுத்திக்கொண்டு திரிகிறோம்.

ஆண்மை என்றால் என்ன? மட்டக்களப்பு வயலில் விளைந்து நிற்பது வேளாண்மை. அதற்குள்ளும் ஒரு ஆண்மை இருக்கிறது, ஆளும் தன்மை. வள்ளுவரின் பேராண்மை பிறன்மனை நோக்காதது. சீனி கூடியவருக்கு இதில் எது குறைந்தது? போதாததற்கு ஆசை குறைவது, விறைப்பு வராதது, பிள்ளை இல்லாதது மூன்றையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒரே சாக்கில் கட்டுகிறார்கள். லேகியக்காரருக்கு அது வசதி.

நடப்பதோ இரத்தக்குழாய்ச் சங்கதி. கூடிய சீனி வருடக்கணக்கில் நுண்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்க, ஆண்குறியில் போதிய இரத்தம் வந்து நிறைவதில்லை. அங்குள்ள குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட ஒடுக்கம். அதனால் பழுது அங்கே முந்தித் தெரியலாம், நெஞ்சு வருத்தத்துக்கு முன்னறிவிப்பாக. வெட்கப்பட்டு ஒளித்து, விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) குளிசை வாங்கிப் போடுகிறவர், நெஞ்சு நோவுக்கு நைட்ரேட் மருந்தும் எடுப்பவரானால், இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

சரி, 'விறைப்புக் குறைபாடு' என்று போட்டால்? எனக்குப் பிடித்தது அதுதான். அந்தப் பெரியவரிடமே மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"விறைப்புக்கு என்ன குறை மனே, முழங்காலுக்குக் கீழ முழுக்க விறைப்புத்தான்" என்றார்.

அவர் சொன்னது மரத்துப்போவதை. கால் விறைக்குது என்றுதானே நாங்களும் சொல்கிறோம். ஆகவே 'ஆண்குறி விறைப்புக் குறைபாடு' என்று உறுப்பின் பெயரோடு முழுதாக எழுதுங்கள். நீளம்தான். சிறுநீரகச் செயலிழப்பும் நீளம்தான். அதை யாரும் சுருக்கிச் சிறுமைக்குறைவு என்று எழுதவில்லையே.