வாக்குச்சீட்டின் கடைசிக் கேள்வியைக் காலியாக விடாதீர்கள்

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் உள்ளாட்சிச் சட்டம்தான் என் தொழில். இங்கே தேர்தல் தபாலில் நடக்கிறது, வாக்குச்சீட்டு வீட்டுக்கே வந்துவிடும். பீவர்ட்டனில் இருக்கும் அக்கா ஒருவர், குடியுரிமை வாங்கி முதல்முறை வாக்களித்தபோது சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினார். மேலே உள்ள பதவிகளுக்கெல்லாம் நீலப் பேனாவால் வட்டத்தை நிரப்பியிருந்தார். அடியில் மெட்ரோ பற்றிய கேள்வி மட்டும் காலி. "புரியலப்பா, அதான் தொடல. வேண்டாம்னு எடுத்துக்குவாங்கல்ல?" என்று கேட்டார்.

எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கேள்வியில் ஆம் அல்லது இல்லை என்று குறித்த வாக்குகளில் எது அதிகமோ அதுதான் முடிவு.

மெட்ரோ என்றால் இங்கே ரயில் இல்லை. போர்ட்லண்டைச் சுற்றி மூன்று கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவுகள்) நகர்ப்பகுதிகளுக்குப் பொதுவான அரசு அது. நகரம் எதுவரை பரவலாம், குப்பையை எப்படிக் கையாள்வது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. 1978-ல் மக்கள் வாக்களித்துத்தான் இந்த அமைப்பு வந்தது. ஆனால் அதன் அதிகாரங்கள் மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருந்தன. தனக்கென்று சாசனம், அதாவது அமைப்பின் அடிப்படைச் சட்டம், வைத்துக்கொள்ள 1990-ல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி வழிசெய்தார்கள். ஒரு குழு வரைவு எழுத, 1992 நவம்பரில் அதை மக்கள் ஏற்றார்கள். கவுண்டிவாரியாகப் பெரும்பான்மை தேவையில்லை. மெட்ரோ எல்லை முழுவதும் ஒரே கணக்கு.

சாசனம் வெறும் காகிதம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஒரு வாக்கில் மெட்ரோ மன்ற உறுப்பினர்கள் 13-லிருந்து 7 ஆகக் குறைந்தார்கள். வருமானம், சொத்து, விற்பனை என்று பரவலாக விழும் வரி எதுவானாலும் மக்களிடம் கேட்காமல் நடைமுறைக்கு வரக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. 2020 மே மாதத்தில் வீடற்றோர் உதவிக்கான வரி வாக்குக்கு வந்தது நினைவிருக்கிறதா? தனிநபரின் வரிக்குரிய வருமானத்தில் 1,25,000 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு 1 சதவீதம். நம்மவர்களில் பலர் அந்த வரி வந்த பிறகுதான் மெட்ரோ என்ற பெயரையே கவனித்தார்கள். எனக்கு அது வருத்தம்தான்.

சரி, எதைப் படிப்பது? சீட்டில் தலைப்புக்கு 10 சொல், கேள்விக்கு 20 சொல் என்று வரம்பு உண்டு. அதற்குள் ஒரு சாசனம் அடங்காது. கீழே 175 சொல்லுக்குள் இருக்கும் சுருக்கத்தைப் படியுங்கள். அப்புறம் வாக்காளர் கையேட்டில் உள்ள விளக்கம். ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள் அந்தந்தத் தரப்பு எழுதித் தருபவை. அவற்றை அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

அக்கா சுருக்கத்தை இரண்டு தடவை படித்தார். என்ன குறித்தார் என்று நான் பார்க்கவில்லை. உறையின் வெளியே கையெழுத்துப் போட்டாரா என்று மட்டும் கேட்டேன். அது இல்லாத உறையைத் திறக்கவே மாட்டார்கள்.