நாட்டிசை: ‘கன்ட்ரி மியூசிக்’ என்னும் சொல்லுக்கு விளக்கம்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் குடியேறியவர்கள் பிரித்தானியத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த கதைப்பாடல்களும் பிடில் இசையும், தேவாலயப் பாடல்களும், கறுப்பின மக்களின் புளூஸும் ஒன்றோடொன்று கலந்து, 1920களிலிருந்து இசைத்தட்டின் வழியாகவும் வானொலியின் வழியாகவும் ஒரு தொழிலாக வளர்ந்த பாடல் வகையே ‘கன்ட்ரி மியூசிக்’. தமிழில் இதனை ‘நாட்டுப்புற இசை’ என்றோ ‘கிராமிய இசை’ என்றோ எழுதிவிடுவது எளிது. ஆனால் அவ்வாறு எழுதும்போது பொருள் பெரிதும் பிறழ்ந்துவிடுகிறது.

‘கன்ட்ரி’ என்பதன் வேர் இலத்தீனில் ‘எதிரே’ என்று பொருள்படும் ‘கான்ட்ரா’. கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலத்தைக் குறித்த ‘கான்ட்ராட்டா’ என்னும் பிற்கால இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, ஆளப்படும் தேசம், நகருக்குப் புறத்தேயுள்ள நிலம் என்னும் இரு பொருள்களையும் ஏற்றது. தமிழின் ‘நாடு’ என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்குவதே. ‘காடு கொன்று நாடாக்கி’ என்னும் பட்டினப்பாலை அடியில் நாடு என்பது திருத்திக் குடியேறிய நிலம்; இன்றைய அரசியல் வழக்கில் அது தேசம்; நாட்டுக்கோழி, நாட்டு மருந்து என்னும்போது மண்ணுக்குரியது என்பது பொருள். எனவே ‘கன்ட்ரி’க்கு ‘நாடு’ என்னும் வேரிலிருந்தே நிகர்ச்சொல் அமைப்பது மிகவும் பொருத்தமானது.

அந்த இசைக்கு இப்பெயர் தொடக்கத்திலேயே அமைந்துவிடவில்லை. 1925ஆம் ஆண்டு ஓக்கே என்னும் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடல்களைப் பதிவு செய்த ரால்ப் பியர், ஒரு குழுவுக்கு ‘ஹில் பில்லீஸ்’ என்று பெயரிட்டார். மலைநாட்டுப் பாமரர் என்னும் இளக்காரம் தொனிக்கும் அச்சொல், நாளடைவில் அவ்வகை இசை முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க இசைத்தொழில் இதழான ‘பில்போர்டு’ 1944இல் இப்பாடல்களுக்கெனத் தரவரிசை தொடங்கியபோது நாட்டுப்புற இசையைக் குறிக்கும் ‘ஃபோக்’ என்றே பெயர் வைத்தது. 1949இல்தான் அதனைக் ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று மாற்றியது. கன்ட்ரி, ஃபோக் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் குழப்பம் அந்நாட்டிலேயே இருந்ததை இது காட்டுகிறது. அவர்கள் அதனைக் களைந்துவிட்டார்கள், நாமும் களைய வேண்டும்.

வேறுபாட்டை உணர்த்த, ராக் அண்ட் ரோல் பியானோ கலைஞர் ஜெர்ரி லீ லூயிஸின் தொகுப்புகளைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குத் தெரிந்தவரை இல்லை. 1935இல் லூசியானா மாநிலத்தின் ஃபெரிடே என்னும் ஊரில் பிறந்த அவர், 1956இல் மெம்பிஸ் நகரின் சன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக வெளியிட்ட முதல் இசைத்தட்டில் பாடியது, அதே ஆண்டில் ரே பிரைஸ் பாடிப் புகழ்பெற்ற ‘கிரேசி ஆர்ம்ஸ்’ என்னும் கன்ட்ரி பாடல். மறு ஆண்டு அவருக்கு உலகப் புகழ் தந்த ‘ஹோல் லாட்டா ஷேக்கின்’ கோயிங் ஆன்’ கன்ட்ரி தரவரிசையிலும் முதலிடம் பெற்றது. 1958இல், பதின்மூன்று வயதே ஆன உறவுப் பெண்ணை அவர் மணந்திருந்த செய்தி இங்கிலாந்துப் பயணத்தின்போது வெளியாகி, அவரது இசை வாழ்வு சரிந்தது. 1965இல் ஸ்மாஷ் நிறுவனம் அவரைக் கொண்டு ஒரு கன்ட்ரி தொகுப்பை வெளியிட்டும் விற்பனை பெருகவில்லை. ஆயினும் அதிலிருந்த ‘கிரீன், கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்’ பாடலைக் கேட்டே பிரித்தானியப் பாடகர் டாம் ஜோன்ஸ் அதனைத் தாமும் பாடி உலகறியச் செய்தார்.

திருப்பம் 1968இல் நேர்ந்தது. நாஷ்வில் நகரில் ஜெர்ரி கென்னடி தயாரித்த ‘அனதர் பிளேஸ், அனதர் டைம்’ என்னும் பாடல் கன்ட்ரி தரவரிசையில் நான்காம் இடத்தையும், அதையடுத்து வந்த, மில்வாக்கி நகரின் ஷ்லிட்ஸ் பீர் விளம்பர வாசகத்தைத் திருப்பிப் போட்டுக் குடியால் கெட்டவனின் துயரைச் சொல்லும் பாடல் இரண்டாம் இடத்தையும் பெற்றன. 1969இல் ‘டு மேக் லவ் ஸ்வீட்டர் ஃபார் யூ’ முதலிடத்தை எட்டியது. ‘அனதர் பிளேஸ், அனதர் டைம்’ என்னும் பெயரையே தாங்கிய தொகுப்பில் பிடிலும் ஸ்டீல் கிதாரும் முன்னே வர, மேடையில் பியானோவை அதிரவைத்த அதே கைகள் அடங்கி ஒலிக்கின்றன. அவரது குரலின் ஆழம் முழுமையாக வெளிப்பட்டது இத்தொகுப்புகளில்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதே 1969இல் பழைய கன்ட்ரி பாடல்களைத் தம் பாணியில் பாடி இரு தொகுதிகள் வெளியிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது: ‘அனதர் பிளேஸ், அனதர் டைம்’ பாடலை எழுதியவர் ஜெர்ரி செஸ்னட், மில்வாக்கி பாடலை எழுதியவர் கிளென் சட்டன். இன்னார் எழுதினார், இன்ன நிறுவனம் இன்ன கூடத்தில் பதிவு செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் உரிமையும் கணக்கும் உண்டு. நாட்டுப்புறப் பாடலோ, பெரும்பாலும் ஆசிரியர் பெயரறியாமல், வாய்மொழியாக, வயலிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வாழ்வது. மில்வாக்கி பாடலை ஒப்பாரியோடு ஒரே பெயரில் அடைப்பது இரண்டுக்குமே நியாயம் ஆகாது.

நிகர்ச்சொல்லாக நான் பரிந்துரைப்பது ‘நாட்டிசை’. முதல் முறை எழுதுகையில் ‘அமெரிக்க நாட்டிசை’ என்று அடைகொடுத்தால், தேசத்தின் இசை என்று மயங்க இடமிராது. ‘நாட்டுப்பண்’ தேசிய கீதத்துக்கு உரியதாகிவிட்டது. ‘நாட்டார் இசை’, ‘நாட்டுப்புற இசை’ இரண்டும் ‘ஃபோக்’குக்கே நிற்கட்டும். லூயிஸின் 1965ஆம் ஆண்டுத் தொகுப்பின் ‘கன்ட்ரி சாங்ஸ் ஃபார் சிட்டி ஃபோக்ஸ்’ என்னும் தலைப்பை ‘நகரவாசிகளுக்கு நாட்டிசைப் பாடல்கள்’ எனலாம். ‘நகரத்தார்’ என்றால் தமிழில் அது ஒரு சமூகத்தின் பெயராகிவிடும்.

‘ஆல்பம்’ என்பதற்கு ‘இசைத்தொகுப்பு’ போதும். வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, அறிவிப்பு எழுதும் வெண்பலகையையும் பின்னர் வெற்றுத்தாள் ஏட்டையும் குறித்த அச்சொல், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளை உறைகளிலிட்டு ஏடுபோலக் கட்டி விற்ற காலத்தில் இசைக்கு வந்தது; ஒரே நெடுந்தட்டில் பாடல்கள் அனைத்தும் அடங்கிய பிறகும் பெயர் நிலைத்தது. ஆகவே நாட்டிசைத் தொகுப்பு, நாட்டிசைப் பாடகர் என்று ஒற்று மிகுத்து எழுதலாம். ஜெர்ரி லீ லூயிஸ் மறைவதற்குச் சில நாள்கள் முன்பு, 2022 அக்டோபரில், அவரைச் சேர்த்துக்கொண்ட நாஷ்வில் அமைப்பான ‘கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்’ என்பதை ‘நாட்டிசைப் புகழ்மன்றம்’ என்று குறிக்கலாம்.