மூச்சை விட்டால் நாடி தளர்வது ஏன்?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்: "அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர், தினமும் கண்ணை மூடி மூச்சை மெதுவா விட்டு, பிடிச்ச இடத்தை நினைச்சுக்கச் சொல்றாரு. தாயத்து கட்டுறதுக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு நெருங்கி வரும். நிதானமாக விட்டால் இடைவெளி விழும். வயதானவர்களுக்கு மங்கலாகத்தான் தெரியும். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் அதன் கையைப் பிடித்துப் பாருங்கள், பளிச்சென்று தெரியும்.

பயந்தால் அட்ரினலின் சுரக்கும், ரத்த அழுத்தம் ஏறும் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்தது பிரேக். இதயத்தை அதன்போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை துடிக்கும். நமக்கு 70 சொச்சத்தில் நிற்பது, மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு ஓயாமல் இழுத்துப் பிடிப்பதால். ஏலகிரியின் 14 வளைவுகளிலும் பிரேக்கில் காலை வைத்தபடியே பஸ்ஸை இறக்குகிற டிரைவர் மாதிரி. மூச்சை இழுக்கையில் கால் லேசாக எழும்பும், விடுகையில் அழுந்தும். நரம்பு முனையில் கசியும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் ஓரிரு துடிப்புக்குள் வேலையைக் காட்டிவிட்டு உடனே சிதைந்துவிடும். மூச்சுக்கு மூச்சு நாடி மாறுவது அதனால்தான். அட்ரினலினுக்கு இந்தச் சுறுசுறுப்பு கிடையாது. 'மெல்லப் போ' என்றால் இதயம் கேட்காது; மூச்சு கேட்கும்.

சரி, நினைப்பு? புளியங்காயை உப்பு, மிளகாய்ப்பொடி தொட்டுக் கடிப்பதாக நினையுங்கள். ஊறுகிறதல்லவா? நார்வேயில் 2014-இல் வெளியான ஆய்வில், வெளிச்சத்தைக் கற்பனை செய்தவர்களின் கண்பாவையே சுருங்கியது. ஆனால் அம்மாவைப் பழக்கமில்லாத கடற்கரையை நினைக்கச் சொல்லாதீர்கள். பாலாற்றில் தண்ணீர் வந்த ஒரு நாளை, காலில் ஒட்டிய ஈரமணலோடு நினைக்கட்டும்.

1964-இல் பாஸ்டனில், என்ன வலி வரும், வயிற்றுத் தசையை எப்படித் தளர்த்துவது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு வலிமருந்து பாதியளவே தேவைப்பட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு தாராளமில்லை. பதற்றம் குறைகிறது, வலி விஷயத்தில் முன்னே பின்னே. மூச்சுக்குக் காப்புரிமை கிடையாதே, எந்த மருந்துக் கம்பெனி காசு போடும்? அரசுதான் போடவேண்டும்.

மயக்க மருந்துக்கு இது மாற்றல்ல, பித்தப்பைக் கல்லையும் கரைக்காது. தாயத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எப்படியும் கழற்றச் சொல்வார்கள். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்லுங்கள், தலை சுற்றினால் நிறுத்திவிடலாம். முந்தின ராத்திரி ஆரம்பித்தால் பழகாது, இன்றைக்கே ஆரம்பியுங்கள்.