ஆணி வாங்க ஒரு வரி, லிஃப்ட்டுக்கும் ஒரு வரி

இந்த மாதத்தில் என் பார்வைக்கு வந்த மூன்றாவது கட்டுமான வேலை அட்டவணை இது. மும்பை செம்பூரில் பழைய ஹவுசிங் சொசைட்டி கட்டடத்தை இடித்துக் கட்டும் ஏழு மாடி வேலை. பிளானிங் பார்க்கும் தம்பி அனுப்பிய அட்டவணையில் 1,400 வரிகள். "மேடம், சும்மா ஒரு பார்வை பாருங்க" என்று ஒரு குறிப்பு வேறு. பார்த்தேன். சென்டரிங் (காங்க்ரீட் ஊற்ற அடிக்கும் பலகை அச்சு) ஆணி வாங்குவதற்குத் தனி வரி இருந்தது. லிஃப்ட்டுக்கோ மொத்தமே ஒரு வரிதான்: "லிஃப்ட் வேலை, 120 நாள்."

வரி கூடினால் வேலையின் மேல் பிடி இறுகும் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அந்தத் தம்பியின் தாளில் ஒரு வாரத்துக்கு ஏறத்தாழ 200 வரிகள் நடப்பில் இருக்கும். வரிக்கு இரண்டே நிமிடம் என்று வைத்தாலும், கேட்டு நிரப்பக் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஆகும். சைட்டில் யாருக்கு அந்த நேரம் இருக்கிறது? முதல் வாரம் ஒழுங்காக நிரப்புவார்கள். இரண்டாவது வாரம் சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் "ஆச்சு, ஆச்சு" என்பார். மூன்றாவது வாரத்திலிருந்து அந்தத் தாள் கிளையன்ட்டுக்குக் காட்ட மட்டும்தான். (தடிமனாக பிரிண்ட் எடுத்தால் கிளையன்ட்டுக்கு மகிழ்ச்சி என்பது உண்மைதான். அதற்காக அதை பிளான் என்று சொல்லாதீர்கள்.) விவரம் நிறைய இருக்கிறது, ஆனால் ஒன்றுகூட உண்மையில்லை. இதுவா பிடி?

உடனே மறுகோடிக்கு ஓட வேண்டாம். 120 நாள் லிஃப்ட் வரி இன்னும் ஆபத்து. எப்போது கேட்டாலும் "90 சதவீதம் முடிந்தது" என்பார்கள். ஆர்டர், டிராயிங் ஒப்புதல், லிஃப்ட் குழியை ஒப்படைப்பது, சாமான் வந்து சேர்வது, பொருத்துவது, கடைசியில் லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் லைசென்ஸ் என்று ஆறு வரியாவது வேண்டும். ஒவ்வொன்றும் வேறு ஆளின் கையில் இருக்கிறது. கை மாறும் இடத்தில்தான் வேலை நிற்கும், ஆகவே அங்கேதான் வரியை வெட்ட வேண்டும்.

ஸ்லாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்டரிங், கம்பி கட்டு, எலெக்ட்ரிக் பைப், காங்க்ரீட் என நாலு வரி போதும், ஏனென்றால் நாலும் நாலு கோஷ்டி. சென்டரிங்குக்குள் பலகை அடிப்பது, எண்ணெய் பூசுவது என்று இறங்கினால் அது மேஸ்திரியின் வேலை, உங்களுடையது அல்ல. ஆனால் எல்லோரும் விடுவது ஐந்தாவது வரி, காத்திருப்பு. காங்க்ரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000 கணக்கில், சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் போட்ட ஸ்லாப்பில் ஒரு தாங்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 4.5 மீட்டர் வரையிலான இடைவெளிக்கு 7 நாளும் அதற்கு மேல் 14 நாளும் முட்டு (அடியில் தாங்கும் கம்பம்) நிற்க வேண்டும். யாரும் வேலை செய்யாத நாட்கள் என்பதால் அந்த வரியே இருக்காது. அப்புறம் முட்டு போதவில்லை, அடுத்த மாடி தாமதம் என்று எனக்கு போன் வரும்.

அளவு கேட்பவர்களுக்கு எங்கள் தொழிலில் பழைய 8/80 விதி ஒன்று உண்டு. ஒரு வேலை 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 80 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதாவது ஒரு நாள் முதல் பத்து நாள் வரை. வேதவாக்கு இல்லை. நீங்கள் வாரம் ஒருமுறை சைட் மீட்டிங் வைத்தால், ஒரு மீட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் முடியும் அளவுக்கு வரி இருந்தால் சரி. முடிந்ததா இல்லையா என்று மட்டும் கேளுங்கள், சதவீதம் கேட்காதீர்கள்.

வரும் ஆறு வாரத்தை மட்டும் நுணுக்கமாகப் போடுங்கள். அதற்கு அப்பால் மாடிக்கு இரண்டு மூன்று வரி போதும். மார்ச்சில் உட்கார்ந்துகொண்டு அடுத்த ஜனவரி டைல்ஸை அறைவாரியாகப் பிரிக்கிறீர்களே, நடுவில் ஜூனில் மும்பை மழை வந்து உங்கள் தேதிகளை என்ன செய்யும் என்று யோசித்தீர்களா?

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். அட்டவணையை எனக்கு அனுப்பும் முன் உங்கள் ஃபோர்மேனிடம் படித்துக் காட்டுங்கள். அவர் சிரிக்கும் வரியை எடுங்கள். "இது எங்கே காணோம்?" என்று அவர் கேட்பதைச் சேருங்கள். சனிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம். அது கூலி பட்டுவாடா நேரம், உங்கள் தாளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.