எலுமிச்சம்பழத்துக்கு எறா ஓட்டுல சட்டை

பட்டீஸ்வரம் துர்க்கைக்கு மாலை கோக்க அம்மா கும்பகோணம் மார்க்கெட்லேந்து எலுமிச்சம்பழம் நெறைய வாங்கிட்டு வந்தாங்க, மிச்சம் ஃப்ரிட்ஜ்லயே கெடந்துச்சு, ஒரு மாசம் கழிச்சு எடுத்தா தோல் பூரா அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா பழுப்பேறிக் கெடக்கு. குளிர்ல வச்சும் ஏன்டா இப்படின்னாங்க. குளிர்னாலதாம்மா.

எலுமிச்சைக்கு 10 டிகிரிக்கு கீழ ரொம்ப நாள் ஆகாது, வீட்டு ஃப்ரிட்ஜ் 4, 5ல ஓடும். ஆரஞ்சு இன்னும் கொஞ்சம் தாங்கும். அதனால கோல்டு ஸ்டோரேஜ்லயும் எலுமிச்சைய ரொம்ப குளுர விட மாட்டாங்க, ஆனா அப்ப பழம் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும், தண்ணியும் போயிட்டே இருக்கும், 100 கிராம்ல 5 கிராம் போனாலே தோல் வாடிடும். அதத் தடுக்கத்தான் பழத்து மேல மெல்லிசா ஒரு கோட்டிங் பூசுறாங்க.

பழத்தோல் மேல மெழுகு இயற்கையாவே இருக்கு. கழுவித் தேய்க்கிறப்ப அதுல கொஞ்சம் போயிடுது, போனதத் திருப்பிப் பூசுறதுதான் இந்த கோட்டிங். தேன்மெழுகு, பிரேசில் பனை ஓலைல எடுக்குற கார்னாபா மெழுகு எல்லாம் தண்ணிய நல்லா புடிச்சு வைக்கும். ஆனா பழத்த அழுக வைக்கிற பச்சைப் பூஞ்சைய அதால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் பூஞ்சை முள்ளு கீறின எடம், காம்பு பிஞ்ச எடம்னு காயத்து வழியாதான் உள்ள பூரும்.

அங்கதான் கைட்டோசான் வருது. எறா உரிக்கிற எடத்துல ஓடு குமிஞ்சு நாறிக் கெடக்கும்ல, அதுல இருக்க கைட்டின்ங்கற கெட்டிப் பொருள காரத்துல காய்ச்சினா கைட்டோசான். வெறும் தண்ணில கரையாது, வினிகர் மாதிரி புளிப்பு வேணும். கரைஞ்சா அதுக்கு பாசிட்டிவ் சார்ஜ், பூஞ்சையோட செல் சவ்வுக்கு நெகட்டிவ், போயி ஒட்டிக்கிட்டு சவ்வையே கிழிச்சு உள்ள இருக்கறத ஒழுக விட்டுடும். தண்ணிய நிறுத்துறதுல மட்டும் இது சுமார்தான், அதான் மெழுகோட கலந்து பூசுறது.

தடிமனா பூசுனா வம்பு. ஒரு தடவ நான் மெழுகுவத்திய உருக்கி ஒரு பழத்த முழுசா முக்கி வச்சேன் (சாப்புட இல்ல, சும்மா பாக்கத்தான்), சில வாரம் கழிச்சு அறுத்தா கள்ளு வாடை. ஆக்சிஜன் உள்ள போகலன்னா சர்க்கரை சாராயமா மாறிடும். மெல்லிசா, மூச்சு கொறையணும், நிக்கக் கூடாது.

இதெல்லாம் சொல்லி முடிச்சதும் அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "எறா ஓடா? சாமிக்குப் போடுற பழத்துலயா?"

காளான்லேந்தும் எடுக்கலாம்மா.