வேலையிழப்பும் பொய்யான இயலாமைக் கோரிக்கைகளும்: ஒரு மதிப்பீட்டு மருத்துவரின் பார்வை

வேலையின்மை கூடும் காலங்களில் இயலாமை உதவித்தொகை கேட்டு வரும் விண்ணப்பங்களும் கூடுகின்றன. அமெரிக்காவில் வேலையின்மை விகிதம் 2009 அக்டோபரில் 10 விழுக்காட்டைத் தொட்டது. அடுத்த ஆண்டில் அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு இயலாமைக் காப்பீட்டுக்கு வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 29 லட்சம் என்ற உச்சத்தை எட்டின. 2014-இல் 90 லட்சத்தை நெருங்கிய பயனாளிகளின் எண்ணிக்கை அதன்பின் இறங்கத் தொடங்கியது. வேலைவாய்ப்பு மீண்டதும், பெரிய தலைமுறை ஒன்று ஓய்வூதிய வயதை அடைந்து வேறு பட்டியலுக்கு மாறியதும் அதற்குக் காரணங்கள். இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் பலர், வேலை போனவர்கள் நோயாளிகளாக நடிக்கிறார்கள் என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறார்கள். விண்ணப்பதாரர்களின் பணித்திறனை மதிப்பிடும் மருத்துவராக எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. வேலையின்மைக்கும் இயலாமைக் கோரிக்கைக்கும் உள்ள உறவு உறுதியானது. வேலையின்மைக்கும் மோசடிக்கும் உள்ள உறவோ பலர் நினைப்பதைவிட மிகவும் தளர்வானது.

மதிப்பீட்டுக்கு வருபவர்களில் நான் அடிக்கடி காணும் ஒரு வகையினரைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். சரக்குக் கிடங்கிலோ ஆலையிலோ பல்லாண்டுகள் உடலுழைப்பு செய்தவர். முதுகுவலி நெடுநாளாக உண்டு. நீரிழிவால் பாதங்கள் மரத்துப்போவதும் உண்டு. இருந்தும் அவர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். கனமான மூட்டைகளை உடன் வேலை செய்தவர்கள் தூக்கினார்கள், இவர் கணக்குப் பார்த்தார், வலி மிகுந்த நாள்களில் சற்று உட்கார்ந்துகொள்வதை மேற்பார்வையாளர் கண்டுகொள்ளவில்லை. நிறுவனம் மூடப்பட்டபோது சம்பளத்தோடு சேர்ந்து இந்த ஏற்பாடும் போய்விட்டது. இதே உடல்நிலையோடு புதிய இடத்தில் வேலை கேட்டால் மருத்துவப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சில மாதங்கள் அலைந்த பிறகு அவர் இயலாமைக்கு விண்ணப்பிக்கிறார். கோப்பைப் படிக்கும் அதிகாரியோ, நிறுவனம் மூடிய நாள்வரை வேலை செய்தவருக்கு அதன்பின் எங்கிருந்து இயலாமை வந்தது என்று கேட்கிறார்.

கேள்வி நியாயமானது, அதற்கு நேர்மையான விடையும் இருக்கிறது. நோய் முன்பே இருந்தது, அதைத் தாங்கிக்கொண்ட பணியிடம்தான் இல்லாமல் போனது. உலக நலவாழ்வு அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட பன்னாட்டு வகைப்பாடும் இயலாமையை உடலுக்குள் மட்டும் தேடுவதில்லை. உடல்நிலையும் சூழலும் ஒன்றோடொன்று வினைபுரிவதன் விளைவாகவே அதைக் காண்கிறது. ஆனால் உதவித்தொகைச் சட்டங்கள் பெரும்பாலும் நோயைத்தான் சான்றாகக் கேட்கின்றன. உள்ளூரில் வேலை கிடைக்கிறதா என்பதைக் கேட்பதில்லை. அமெரிக்கச் சட்டம், குறைந்தது 12 மாதங்கள் நீடிக்கக்கூடிய அல்லது உயிரிழப்பில் முடியக்கூடிய உடல், மனக் குறைபாட்டால் கணிசமான வருவாய் தரும் எந்த வேலையையும் செய்ய இயலாமையையே இயலாமை என்கிறது. அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்பது அங்கே கணக்கில் வராது. வயதும் கல்வியும் முன் அனுபவமும் மட்டும் ஓரளவு கணக்கில் வருகின்றன.

பொருளாதார ஆய்வாளர்கள் இதை வேறு வழியில் உறுதிசெய்திருக்கிறார்கள். டான் பிளாக், கெர்மிட் டேனியல், சேத் சாண்டர்ஸ் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் நிலக்கரி மாவட்டங்களில் 1970-களின் செழிப்பையும் 1980-களின் வீழ்ச்சியையும் எடுத்துக்கொண்டது. நிலக்கரி விலை ஏறி வேலையும் கூலியும் பெருகியபோது இயலாமைத் திட்டங்களில் சேர்வது குறைந்தது. விலை சரிந்தபோது கூடியது. நிலக்கரியின் சந்தை விலை யாருடைய முதுகெலும்பையும் தேய்ப்பதில்லை என்பதால், முடிவெடுப்பதில் வேலைச் சந்தைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அதே சமயம், சுரங்கத்தில் உழைத்தவர்களிடம் நுரையீரல் நோயும் மூட்டுத் தேய்மானமும் இல்லை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. கூலி நன்றாக இருந்தபோது வலியோடு உழைத்தவர்கள், கூலி இல்லாமல் போனபோது அந்த வலியைப் பதிவுசெய்தார்கள் என்றும் இதைப் படிக்கலாம். என் அனுபவம் இந்த இரண்டாவது வாசிப்பின் பக்கமே சாய்கிறது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதும் இங்கே முக்கியம். அவர்கள் பெரும்பாலும் நடிப்பவர்களாக இருந்தால், மறுக்கப்பட்டதும் வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஜான் பவுண்ட் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், மறுக்கப்பட்ட நடுத்தர வயது ஆண்களில் பாதிப்பேர்கூட வேலையில் இல்லை என்று தெரியவந்தது. இதனால் அவர்கள் அனைவரும் தகுதியுடையவர்கள் என்று ஆகிவிடாது. நலமாக இருப்பவர்களின் கூட்டம் அது இல்லை என்ற அளவிலாவது நாம் உணர வேண்டும். வேலையிழப்பே உடலைக் கெடுக்கும் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பென்சில்வேனியாவில் 1980-களில் பெருமளவு ஆட்குறைப்பில் வேலையிழந்த நீண்டகாலத் தொழிலாளர்களை ஆராய்ந்த டேனியல் சலிவனும் டில் வான் வாக்டரும், வேலையிழந்ததை ஒட்டிய காலத்தில் அவர்களுடைய இறப்பு விகிதம் எதிர்பார்த்ததைவிட 50 முதல் 100 விழுக்காடு வரை உயர்ந்ததைக் கண்டார்கள். வேலை போன பிறகு நோய் வந்ததாகச் சொல்லும் ஒருவரைப் பார்த்துப் புன்னகைக்கும் அதிகாரிகளுக்கு இந்தத் தகவலைச் சொல்ல எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு.

தனிமனிதரின் பொய்யைத் தேடும் அவசரத்தில், அமைப்பே வேலையின்மையை இயலாமைக் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் நம் கண்ணில் படாமல் போகிறது. நெதர்லாந்து இதற்குத் தெளிவான சான்று. அங்கே 1967-இல் தொடங்கிய இயலாமைக் காப்பீட்டில் உதவித்தொகை தாராளமானது, விதிகளும் நெகிழ்வானவை. தொழில்கள் நலிந்த ஆண்டுகளில், வயதான தொழிலாளர்களை வேலைநீக்கம் செய்வதைவிட இயலாமைத் திட்டத்துக்கு அனுப்புவது நிறுவனங்களுக்கு எளிதாக இருந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்க்கவில்லை, ஏனெனில் வேலையின்மைப் படியைவிட இது தொழிலாளிக்கு நல்ல ஏற்பாடு. அரசுக்கும் வேலையின்மை எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தது. ஒன்றரைக் கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் 1990-ஐ ஒட்டிப் பயனாளிகள் பத்து லட்சத்தை நெருங்கினார்கள். பிரதமர் ரூட் லுபர்ஸ் தம் நாடு நோயுற்றிருப்பதாக வெளிப்படையாகவே பேசினார். அந்தப் பத்து லட்சம் பேரில் மோசடிக்காரர் யார் என்று கேட்டால் விடை சொல்வது கடினம். சான்றிதழில் பொய் எழுதப்படவில்லை. வலி இருந்தது, மருத்துவர் அதை எழுதினார், முதலாளி கையெழுத்திட்டார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிற்காலத்துச் சீர்திருத்தங்கள் தொழிலாளியை மட்டும் குறிவைக்காமல் முதலாளியின் செலவைக் கூட்டின என்பது கவனிக்கத்தக்கது. நோயுற்ற ஊழியரை வேலைக்குத் திரும்பச் செய்யும் கடமையை 2002-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்தின்மீதும் ஏற்றியது. 2004 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நோய்க்காலச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டியதாயிற்று. புதிதாகச் சேர்வோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பிரிட்டனிலும் பழைய சுரங்க, எஃகு நகரங்களில் வேலையிழந்தவர்கள் இயலாமைப் படிக்குள் மறைந்துகிடந்ததைக் கிறிஸ்டினா பீட்டியும் ஸ்டீவ் ஃபாதர்கில்லும் ‘மறைந்த வேலையின்மை’ என்ற பெயரில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

மோசடியே இல்லையா என்றால், நிச்சயமாக இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட பெரிய வழக்குகளைப் பாருங்கள். கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த தனியார் வழக்கறிஞர் எரிக் கான், சம்பளத்துக்கு வைத்த மருத்துவர்களிடம் போலி மருத்துவ அறிக்கைகள் வாங்கி, மேல்முறையீட்டு நீதிபதி ஒருவருக்கு லஞ்சம் கொடுத்து, ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை நிறைவேற்றிக்கொண்டார். அரசுக்கு அவர் ஏற்படுத்திய கடப்பாடு 55 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பின்னர் தப்பியோடி, அதே ஆண்டு டிசம்பரில் ஹோண்டுராஸில் பிடிபட்டார். நலிந்த நிலக்கரிப் பகுதி அது என்பதால் வேலையின்மை அவருக்கு வாடிக்கையாளர்களைத் தந்தது. மோசடியைச் செய்ததோ வழக்கறிஞரும் மருத்துவரும் நீதிபதியும். அவர் பிடிபட்டபின் அவரிடம் வழக்கைக் கொடுத்திருந்தவர்கள் மீண்டும் தகுதியை நிரூபிக்க வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் உண்மையிலேயே நோயாளிகள். தங்கள் கோப்பில் போலி அறிக்கை இருந்ததுகூட அவர்களுக்குத் தெரியாது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் ரயில் நிறுவன வழக்கிலோ வேலையின்மைக்கே இடமில்லை. நல்ல சம்பளத்தில் இருந்த ஊழியர்கள், முன்கூட்டியே ஓய்வு பெறுவதற்காக ஒருசில மருத்துவர்களிடம் ஒரே மாதிரியான சான்றிதழ்களை வாங்கினார்கள்; 2011-இல் தொடங்கிய அந்த வழக்கில் மருத்துவர்களும் தண்டனை பெற்றார்கள். ஆகவே, மோசடி எங்கே விளையும் என்று கேட்டால், வேலையில்லாதவர் வீட்டைவிட, சான்றிதழை மொத்தமாக விற்கும் இடத்தையே நான் முதலில் காட்டுவேன்.

உண்மையான நோய்க்கும் அப்பட்டமான மோசடிக்கும் நடுவில் இருப்பதே மதிப்பீட்டு மருத்துவர்களான எங்களுக்குச் சிக்கலானது. அதன் பெயர் மிகைப்படுத்தல். வலி உண்மை, அளவு கூடுதல். இதைக் கண்டுபிடிக்கத் தவறற்ற கருவி எதுவும் கிடையாது. எலும்பியல் மருத்துவர் கோர்டன் வாடெல் முதுகுவலிக்காரர்களிடம் காணப்படும், உடற்கோளாறால் மட்டும் விளக்க முடியாத அறிகுறிகளாக 1980-இல் விவரித்த ஐந்தை இன்றும் சிலர் பொய்யைக் கண்டறியும் சோதனையாகப் பயன்படுத்துகிறார்கள். அவர் அவற்றை முன்வைத்தது, அறுவைசிகிச்சைக்கு முன் உளவியல் கூறுகளையும் கவனிக்க வேண்டியவர்களை அடையாளம் காண்பதற்காக. காந்த அதிர்வுப் படமும் (எம்.ஆர்.ஐ.) தீர்ப்புச் சொல்லாது. 1994-இல் வெளியான ஆய்வு ஒன்றில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்தபோது, 52 விழுக்காட்டினருக்குக் குறைந்தது ஒரு முதுகெலும்பு வட்டாவது (டிஸ்க்) புடைத்திருந்தது. படத்தில் குறை தெரிவதால் வலி மெய்யாகிவிடாது, தெரியாததால் பொய்யாகியும் விடாது. அதனால் நாங்கள் ஒத்திசைவைப் பார்க்கிறோம்: சொல்லும் வலியும் தசையின் பருமனும், உள்ளங்கையின் காய்ப்பும் மருந்துச் சீட்டுகளின் தேதிகளும், அறைக்குள் நடக்கும் நடையும் மேசைமேல் ஏறிப் படுக்கும் விதமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று.

மிகைப்படுத்தலை அமைப்பே ஓரளவு வளர்க்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல திட்டங்களில் முழு இயலாமை அல்லது ஒன்றுமில்லை என்ற இரண்டே நிலைகள். பாதி நாள் உழைக்கக்கூடியவர் அதை ஒப்புக்கொண்டால் வெறுங்கையோடு திரும்புவார். வேலையின்மைப் படிக்கு விண்ணப்பிக்கையில் தம்மால் உழைக்க முடியும் என்று கையெழுத்திட்டவர், இயலாமைக்கு விண்ணப்பிக்கையில் முடியாது என்று கையெழுத்திடுகிறார். அமெரிக்க நடைமுறையில் இந்த இரண்டும் ஒரே காலத்தில் இருப்பது தன்னளவில் தகுதியின்மை ஆகாது; முரண்பாடாகக் கவனிக்கப்படும், விளக்கம் கேட்கப்படும். எந்த வகை வேலையை, எத்தனை மணி நேரம், என்ன வசதிகளோடு செய்ய முடியும் என்று இரண்டு படிவங்களிலும் ஒரே மாதிரி எழுதியவருக்கு அந்த விளக்கம் எளிதாக இருக்கும்.

கண்மூடித்தனமான களையெடுப்பு என்ன செய்யும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1981 முதல் 1984 வரை மறுபரிசீலனையை முடுக்கிவிட்டு, ஏறத்தாழ 5 லட்சம் பேரின் உதவித்தொகையை நிறுத்தினார்கள். மனநோயாளிகள் பலர் அதில் சிக்கினார்கள். மேல்முறையீடுகளில் பெருந்தொகையானோர் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். 1984-இல் நாடாளுமன்றம் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்காமல் சட்டத்தைத் திருத்தி, உடல்நிலை தேறியதற்கான சான்று இருந்தால் ஒழிய பொதுவாக உதவித்தொகையை நிறுத்தலாகாது என்று வரையறுத்தது.

விண்ணப்பிக்க நினைக்கும் வாசகர்களுக்குச் சில செய்திகள். வேலையை விட்ட காரணம் கேட்கப்படும் இடத்தில் நிறுவனம் மூடப்பட்டதை மறைக்காதீர்கள். அதை மறைப்பதுதான் பிற்பாடு மோசடியாகத் தோன்றும். பழைய பணியிடத்தில் உங்களுக்குக் கிடைத்த சலுகைகளை, யார் எதைச் செய்து கொடுத்தார் என்பதுவரை விவரமாக எழுதுங்கள். முடிந்தால் பழைய மேற்பார்வையாளரிடமிருந்து கடிதம் வாங்குங்கள், ஏனெனில் பல ஸ்கேன் படங்களைவிட அது எனக்குப் பயன்பட்டிருக்கிறது. நல்ல நாளில் எவ்வளவு நடக்க முடியும், மோசமான நாளில் எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் அப்படி என்று பிரித்துச் சொல்லுங்கள். உங்களைப் பரிசோதிக்காமலேயே சான்றிதழ் தருபவரிடமும், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும் முகவரிடமும் போகாதீர்கள். சக மருத்துவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: நோயாளி சொன்னதையும் நீங்கள் கண்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். ‘எந்த வேலைக்கும் தகுதியற்றவர்’ என்று இரக்கத்தால் எழுதப்படும் ஒற்றை வரி, விசாரணை என்று வரும்போது அந்த நோயாளிக்கே பகையாகிறது.

உதவித்தொகை கிடைத்த பிறகு வேலை அமைந்தால், எவ்வளவு சிறிய வேலையானாலும், அதை உரிய அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். மோசடிக் குற்றச்சாட்டாக என்னிடம் கருத்துக் கேட்டு வரும் கோப்புகளில் பல, பொய்யான நோயிலிருந்து தொடங்கியவை அல்ல. உண்மையான நோயாளி பிறகு கிடைத்த வருமானத்தைச் சொல்லாமல் விட்டதிலிருந்து தொடங்கியவை. பயம்தான் பெரும்பாலும் காரணம். அமெரிக்க இயலாமைக் காப்பீட்டில் 60 மாதங்களுக்குள் 9 மாதங்கள்வரை, வருமானம் எவ்வளவானாலும் உதவித்தொகையை இழக்காமல் வேலை செய்து பார்க்கச் சட்டமே இடம் தருகிறது; ஆனால் வேலை செய்வதைத் தெரிவித்திருக்க வேண்டும். உங்கள் திட்டத்திலும் அத்தகைய சோதனைக் காலம் உண்டா என்று முதல் நாள் வேலைக்குப் போகும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.